நூல் கட்டிய செடிகள்

இலையை அளப்பதெல்லாம் ஒரு வேலையா என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். அன்றைக்கு அவர் சோற்றை அவரேதான் போட்டுச் சாப்பிட்டார்.

இருபத்திரண்டு வருடம் நான் அளந்தே சம்பாதித்தவள். உட்லண்ட்ஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். ஒரு பாகம் மயிரிழை பிசகியிருந்தாலும் சிவப்புக் கூடையில் போட்டுவிடுவேன். அதன் பிறகு சூப்பர்வைசர் வந்து கெஞ்சினாலும் எடுத்துக் கொடுக்க மாட்டேன். எதையும் மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது அங்கே பழகியது. 'அந்தம்மா கைக்குப் போனா தப்பிக்க முடியாது' என்று லைனில் பேசிக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும். கேட்காததுபோல் நடந்துகொண்டாலும் உள்ளூரப் பெருமைதான். தொழிற்சாலை பாலம் தாண்டி அடுத்த நாட்டுக்கு, ஜோகூருக்குப் போனபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. கொஞ்ச நாள் வீட்டில் சும்மா இருந்தேன். அது எனக்கும் ஒத்துவரவில்லை, வீட்டில் இருந்தவர்களுக்கும் ஒத்துவரவில்லை. பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்து, கடைசியில் ஆங் மோ கியோவில் ஒரு கீரைப் பண்ணைக்கு வேலைக்கு வந்தேன்.

பண்ணை என்றால் அடுக்குமாடிக் கார்பார்க்கின் மேல்தளம். கீழே ஐந்து தளமும் கார்கள், உச்சியில் வெயில், வெயிலுக்குக் கறுப்பு வலை, வலைக்கு அடியில் இடுப்புயர மேடைகளில் நீளமான தொட்டிகள். மண் கிடையாது. தேங்காய் நார்த்தூளில் விதைத்து, உரம் கரைத்த தண்ணீரைக் குழாயில் விடுவோம். தொட்டியைப் பாத்தி என்றுதான் சொல்வோம்.

அங்கே மொத்தம் மூன்று பேர். முதலாளி ஒரு சீனர், கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுக் கீரைக்கு வந்தவர். வாரத்தில் இரண்டு நாள் மாடிக்கு வருவார், மற்ற நாட்களில் நான் ஏற்றும் அட்டவணையைக் கைப்பேசியில் பார்ப்பார். அவரோடு ஆங்கிலத்தில்தான் பேச்சு, இங்கே தமிழில் எழுதுகிறேன். நம்பர் பொய் சொல்லாது என்பது அவர் அடிக்கடி சொல்வது. என் மதமும் அதுதான்.

இன்னொருவர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். விதைப்பது, உரம் கரைப்பது, அறுப்பது எல்லாம் அவர்தான். முப்பத்தாறு வயது. பத்து வருடம் கப்பல் பட்டறையில் இரும்பு தூக்கி முதுகைக் கெடுத்துக்கொண்டவர். கீரைதான் தன் முதுகு தூக்கக்கூடிய எடை என்று சிரித்துக்கொண்டே சொல்வார். தினமும் பூன் லேயிலிருந்து ரயிலேறி, ஏழு மணிக்கு எனக்கு முன்னால் வந்துவிடுவார். நான் சேர்ந்த முதல் நாளே அவர் வாயில் 'அக்கா' வந்துவிட்டது. நான் பாத்திகளுக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் நிற்பதைப் பார்த்து, மூன்றாம் நாள் காய்கறிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து, மேலே ஸ்பாஞ்சு கட்டி, உட்கார வசதி செய்து வைத்திருந்தார். நான் கேட்கவில்லை. கேட்காமல் எனக்கு யாராவது எதையாவது செய்து பல காலம் ஆகியிருந்தது.

என் வேலையைச் சொல்கிறேன். செடி கொஞ்சம் நிமிர்ந்ததும் ஒவ்வொரு பாத்தியிலும் ஆறு செடிகளைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுப்பேன். நல்லதாகப் பார்த்து எடுத்துவிடக் கூடாது அல்லவா, அதற்குத்தான் சீட்டு. அந்த ஆறு செடிகளிலும், கட்டைவிரல் நகம் அளவுக்கு விரிந்திருக்கும் புது இலை ஒன்றின் காம்பில் சிவப்பு நூலைத் தளர்வாகக் கட்டுவேன். அன்றிலிருந்து அந்த இலையைத் தினமும் காலையிலும் மாலையிலும் அளக்க வேண்டும். உச்சி வெயிலில் அளக்கக் கூடாது, இலை துவண்டு ஓரம் சுருண்டுவிடும். இலையை இடது உள்ளங்கையில் ஏந்தி, வலது கட்டைவிரலால் நடு நரம்பை ஒட்டி மெல்ல நீவிப் படியவைத்து, அடியிலிருந்து நுனிவரை நீளம், அகன்ற இடத்தில் அகலம். மூன்று முறை. நம் ஊர் வெப்பத்தில் முளைக்கீரை இலை காலைக்கும் மாலைக்கும் இடையிலேயே வளர்ந்திருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது.

முதலாளிக்கு இது விளையாட்டில்லை. லிட்டில் இந்தியாவில் ஒரு காய்கறிக் கடைக்காரர் தினமும் நம்மிடம் கீரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஆனால் நிபந்தனை இருந்தது. "எல்லைக்கு அந்தப் பக்கத்துலேருந்து வர்ற கீரை உள்ளங்கையை மூடுது. உங்களுது அப்படி வந்தா எடுக்கறேன், இல்லேன்னா வேண்டாம் லா" என்று கையை விரித்துக் காட்டினார். முதலாளி அந்தக் கையை எண்ணாக மாற்றிக்கொண்டார்: நூல் கட்டிய பத்தாம் நாள் இலை பத்து சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். வராவிட்டால் கீரையை நிறுத்திவிட்டு, இயந்திரமே பார்த்துக்கொள்ளும் சாலட் இலைகளுக்கு மாறிவிடுவார். அப்போது உரம் கரைக்க ஆள் தேவைப்படாது. புதுக்கோட்டைக்காரரின் வேலை பெர்மிட் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. எண் வந்தால் புதுப்பிப்பார், வராவிட்டால் இல்லை. இதை எங்கள் இருவரையும் நிற்கவைத்தே சொன்னார்.

எண் வரவில்லை.

நான்கு பாத்திகளிலும் இலை எட்டைத் தொட்டு அங்கேயே நின்றது. பத்தாம் நாள் எட்டு, பன்னிரண்டாம் நாள் எட்டேகால். புதுக்கோட்டைக்காரர் தினமும் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார். "எவ்ளோக்கா?" என்பார். நான் சொல்வேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உரத் தொட்டிப் பக்கம் போய்விடுவார். ஒருநாள் அவர் உரம் கரைப்பதைப் பார்த்தேன். அளவுச் சாடியை ஓரமாக வைத்துவிட்டு, பழைய பிளாஸ்டிக் குவளை ஒன்றால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்குச் சுரீரென்றது. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்றே நினைத்தேன். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் உரச் செறிவைக் காட்டும் மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. மறுநாளும் பார்த்தேன், சரியாகவே இருந்தது. குவளையிலேயே அவருக்கு அளவு பிடிபட்டிருந்தது. அப்படியும் எனக்குச் சந்தேகம் போகவில்லை. தண்ணீர் சரி, விதை சரி, வெயில் சரி. மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் என்னைச் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

பக்கத்துச் செடிகள் பெரிதாகத் தெரிந்ததை நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். கண் ஏமாற்றும், அதற்குத்தானே ஸ்கேல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். தொழிற்சாலையில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான்.

ஒரு வியாழக்கிழமை காலை மூன்றாவது பாத்தியில் ஒரு இலையை ஏந்தினேன். முந்தின நாள் மாலை ஏழு சென்டிமீட்டர் ஆறு மில்லிமீட்டர். இப்போது ஒன்பது ஐந்து. எந்த இலையும் ஒரே இரவில் அப்படி வளராது. முடிச்சைப் பார்த்தேன். நான் போடுவது ஒற்றை முடிச்சு, இது இரட்டை முடிச்சு. நூல் பக்கத்துச் செடிக்கு மாறியிருந்தது.

"இந்த நூலை மாத்துனது யாரு?"

அவர் மறைக்கவில்லை. "நான்தாங்க்கா."

"எதுக்கு?"

"அந்தச் செடி தேறாதுக்கா. பக்கத்துல உள்ளது நல்லா இருக்கு. பாத்தியில முக்காவாசி இப்படித்தானே இருக்கு. இதை அளந்தா என்ன?"

"நல்லா இருக்கறதை மட்டும் பொறுக்கி அளந்தா அதுக்குப் பேரு ஏமாத்து."

"ஏமாத்து இல்லக்கா." கையிலிருந்த குவளையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சொன்னா கோச்சுக்கக் கூடாது. நீங்க நூல் கட்டுற செடி மட்டுந்தான் குட்டையாப் போவுது. நாலு பாத்தியிலயும் பாத்துட்டேன். நீங்க கை வைக்காத செடியெல்லாம் நல்லா வருது."

இதைப் படிக்கிறவர்களுக்கு அவர் சொன்னது ஒரு சாதாரணத் தகவலாகத் தெரியலாம். என் காதில் அது கைராசி என்றுதான் விழுந்தது. எனக்குக் கல்யாணமான புதிதில், மாமியார் வீட்டுத் தாழ்வாரத்தில் நான் வைத்த கறிவேப்பிலைச் செடி மூன்று முறை பட்டுப்போனது. அவளுக்குக் கைராசி இல்லை என்று மாமியார் அதை வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். தைப்பூசத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் முன்னால்கூடச் சொன்னார். இருபது வருடம் ஆகியும் அது எனக்குள் ஆறவில்லை. இப்போது இந்த மனிதர் செய்த திருட்டுத்தனத்துக்கு என் கையைச் சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கையைக்கூடக் கழுவாமல், அவர் கண் முன்னாலேயே, முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். நூல் மாற்றப்பட்டிருக்கிறது, ஒப்புக்கொண்டுவிட்டார், படம் இணைத்திருக்கிறேன்.

"மொதலாளிகிட்டச் சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் என் கைப்பேசியைப் பார்த்தார். பிறகு, "சரிங்க மேடம்" என்றார்.

பதில் மத்தியானம் வந்தது. பெர்மிட்டைப் புதுப்பிக்கப் போவதில்லை, அடுத்த திங்கள் வெளியூரில் இருப்பேன், அதற்கடுத்த திங்கள் காலை ஒன்பது மணிக்கு வந்து நேரில் சொல்கிறேன், அதுவரை நீ சொல்ல வேண்டாம். ஆக, ஒருவர் வேலை போகப்போகிறது என்று தெரிந்தும் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு பதினொரு நாள் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

அன்று மாலை ரயிலில் எனக்கு வெற்றி பெற்ற உணர்ச்சி இருக்க வேண்டும், இல்லை. கை வைத்த செடி, கை வைக்காத செடி என்று அவர் சொன்னது மண்டைக்குள் நமைத்துக்கொண்டே இருந்தது. உட்லண்ட்ஸில் இறங்கும்போது முடிவு செய்துவிட்டேன். அவர் சொன்னது பொய் என்று அளந்தே காட்டிவிட வேண்டும். நான் நியாயத்துக்காக அதைத் தொடங்கினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் வீம்புக்குத்தான் தொடங்கினேன்.

வரிசையின் கடைசியில் புதிதாக ஒரு பாத்தி தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அதில் இருபது செடிகளைச் சீட்டுப் போட்டு எடுத்தேன். பத்துக்குச் சிவப்பு நூல், பத்துக்கு வெள்ளை நூல். சிவப்பை வழக்கம்போல் காலையும் மாலையும் மூன்று மூன்று முறை அளப்பேன். வெள்ளைக்கு நூல் கட்டும்போது பட்டதோடு சரி, அப்புறம் என் விரல் படக் கூடாது.

"இந்தப் பாத்திய யாரும் தொடக் கூடாது" என்று அவரிடம் சொன்னேன்.

"சரிங்க மேடம்."

அதில் ஒரு சங்கடம் இருந்ததை முதல் நாள் மாலையில்தான் உணர்ந்தேன். வெள்ளை நூல் இலை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் அதை அளக்க வேண்டும். அளந்தால் தொட்டதாகிவிடும். அதனால் கடைசி நாள் வெட்டும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது, கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு அளக்காமல் இருப்பது எனக்கு இத்தனை கஷ்டம் என்று எனக்கே அதற்குமுன் தெரியாது.

நாலாம் நாள்வரை வித்தியாசம் எதுவும் இல்லை. எனக்கு மனசு லேசாக இருந்தது. அவர் வழக்கம்போல் வந்தார், விதைத்தார், அறுத்தார். மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு தனியாகப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். முன்பெல்லாம் அவர் ஊறுகாயில் எனக்குப் பாதி வரும்.

ஐந்தாம் நாள் காலை பாத்தியின் தலைப்பில் நின்று பார்த்தேன். வெள்ளை நூல்கள் இலைகளுக்கு அடியில் மறைய ஆரம்பித்திருந்தன. சிவப்பு நூல்கள் பத்தும் பளிச்சென்று தெரிந்தன. கண் ஏமாற்றும் என்று சொல்லிக்கொண்டேன். அந்தமுறை அது எடுபடவில்லை.

அன்று மாலை சிவப்பு இலையை ஏந்தியபோது என் கட்டைவிரல் இலேசாகத்தான் நீவியது. படிந்தும் படியாமலும் இருந்த இலையை அப்படியே அளந்து எழுதினேன். மூன்றாவது இலையில்தான் நான் செய்துகொண்டிருப்பது எனக்கு உறைத்தது. தோற்கக் கூடாது என்று விரல் தானாகத் தளர்ந்திருக்கிறது. அவர் நூலை மாற்றினார், நான் விரலை மாற்றுகிறேன். அவராவது கேட்டதும் ஒப்புக்கொண்டார். வெட்கமாக இருந்தது. முதல் இரண்டு இலைகளையும் திரும்ப எடுத்து, பழைய அழுத்தத்தோடு அளந்தேன்.

ஏழாம் நாள் மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மின்னல் எச்சரிக்கை அலறினால் மேல்தளத்தில் யாரும் நிற்கக் கூடாது, கீழ்த்தளத்துக்குப் போய்விட வேண்டும். நான் கார்களுக்கு நடுவில் நின்று மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். காற்று அந்தப் பாத்தியைச் சின்னாபின்னமாக்கிவிட்டால் நல்லது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். இலை கிழிந்துவிட்டது, சோதனை கெட்டுவிட்டது, என்மேல் தப்பில்லை. முதலாளி திங்கட்கிழமை வருவார், சொல்ல வேண்டியதைச் சொல்வார், எல்லாம் முடிந்துவிடும். ஒரு நிமிடம்தான். ஆனால் நினைத்தேன், அதை இங்கே எழுதாமல் விட முடியாது.

மழை விட்டு ஏறிப் போனபோது மற்றப் பாத்திகளில் கீரை சாய்ந்து கிடந்தது. என் சோதனைப் பாத்திக்கு மேல் இன்னொரு வலை இரட்டையாகக் கட்டியிருந்தது. எச்சரிக்கை வருவதற்கு முன்னாலேயே அவர் இழுத்துக் கட்டிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். முடிச்சு இரட்டை முடிச்சு.

"நீங்களா கட்டுனீங்க?"

"தொடக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல மேடம். காத்தும்தானே தொடும்."

சொல்லிவிட்டு அவர் சாய்ந்த செடிகளை நிமிர்த்தப் போய்விட்டார். அவரிடம் அப்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. முதலாளி சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார் என்பதைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அளந்துவிட்டு வந்த பிறகு வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. வீட்டுக்காரர் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் டாக்சி ஓட்டுகிறவர், எதையும் சுற்றி வளைக்க மாட்டார்.

"இந்தச் சோதனை யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப விட்டுடேன். அவன் நூலை மாத்துனது தப்புத்தானே."

"தப்புத்தான்."

"அப்புறம் என்ன?"

நூலை மாற்றியது தப்பு. ஆனால் அது மட்டுமே தப்பு என்று முதலாளி நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் எழுதிய எட்டும் எட்டேகாலும் அட்டவணையில் உட்கார்ந்திருக்கின்றன, அவை ஒருவரை ஊருக்கு அனுப்பப்போகின்றன. நம்பர் பொய் சொல்லாது என்பது சரிதான். அந்த நம்பர் கீரையைப் பற்றிச் சொல்லவில்லை, என் விரலைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. எனக்குப் பயமாக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் என் கையை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

திங்கட்கிழமை ஆறரை மணிக்கே மாடியில் இருந்தேன். இருபது இலைகளையும் காம்போடு வெட்டி, சிவப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று என்று கட்டம் போட்ட இரண்டு பெரிய தாள்களில் ஒவ்வொன்றாக வைத்து, பென்சிலால் ஓரம் வரைந்தேன். பிறகு உள்ளே விழுந்த சென்டிமீட்டர் கட்டங்களை எண்ணினேன். சிவப்பு நூல் இலைகள் முப்பது கட்டத்தை ஒட்டியே நின்றன. வெள்ளை நூல் இலைகளில் ஒன்றுகூட நாற்பத்தைந்துக்குக் குறையவில்லை. நீளம் பத்தரை, பத்தே முக்கால், ஒன்று பதினொன்று. நம்பாமல் மறுபடி எண்ணினேன். மூன்றாம் முறையும் எண்ணினேன், பழக்கம் விடவில்லை. நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு மூன்று தடவை, என் கட்டைவிரல் நீவிய ஒவ்வொரு நீவலுக்கும் செடி கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைச் சுருக்கிக்கொண்டிருக்கிறது. நான் எவ்வளவுக்கு எவ்வளவு கவனமாக அளந்தேனோ அவ்வளவுக்கு அவ்வளவு கெடுத்திருக்கிறேன்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முதலாளியின் கார் மேலே ஏறி வந்தது. அவர் இறங்குவதற்குள் நான் கார் கதவருகில் போய் நின்றேன். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது, அதற்குள் காகிதங்கள். புதுக்கோட்டைக்காரர் தூரத்தில் உரத் தொட்டியருகே குவளையோடு நின்று எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர்கிட்டப் பேசறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க" என்று இரண்டு தாள்களைக் காரின் பானெட்மேல் விரித்தேன். வெயிலில் பானெட் சுட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். விரல் தளர்ந்ததையும் சொன்னேன்.

அவர் தாள்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு பாத்திகளுக்குப் போய், நூல் கட்டாத ஒரு செடியை வேரோடு பிடுங்கி, ஒரு இலையைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இலை கையை மூடியது. அத்தனை நாளும் அங்கேயே இருந்த செடிதான். அவரும் பார்த்திருக்கவில்லை, அட்டவணையைத்தான் பார்த்தார்.

"அவன் உன்கிட்ட முன்னாடியே சொன்னானா?"

"சொன்னார்."

"நீ நம்பல."

"இல்ல."

அவர் பிளாஸ்டிக் உறையைத் திரும்பக் காருக்குள் எறிந்துவிட்டு உரத் தொட்டிப் பக்கம் நடந்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் பானெட்டருகிலேயே நின்றுகொண்டிருந்தேன். புதுக்கோட்டைக்காரர் தலையைத் தலையை ஆட்டினார். பிறகு குவளையைக் கீழே வைத்துவிட்டு, முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது வியர்வையா என்று எனக்குத் தெரியாது.

இனி எந்த நூலையும் தொடக் கூடாது என்ற எச்சரிக்கையோடு பெர்மிட் புதுப்பித்தாயிற்று. திரும்பி வந்த முதலாளி, என்னைப் பார்த்து யோசித்தார். கெட்டவர் இல்லை, ஆனால் கணக்குத் தெரிந்தவர்.

"தொட்டா வளராதுன்னா தினம் எதுக்கு அளக்கணும்? அறுத்ததும் எடை போட்டாப் போதும் லா. நீ வாரத்துல ஒரு நாள் வா."

என் இரண்டு தாள்களையும் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டேன். அந்தச் சோதனை என்னைத்தான் சிவப்புக் கூடையில் போட்டது, அதைச் செய்ததும் நான்தான்.

இறங்கிப் போகும்முன் அவரிடம் போனேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவளுக்கு எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை. "நீங்க சொன்னது சரி. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். கோவத்துல உங்க வேலைக்கே உலை வெச்சுட்டேன்" என்றேன்.

"பரவால்லங்க மேடம்" என்றார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது வியாழக்கிழமைகளில் மட்டும் போகிறேன். லிட்டில் இந்தியாக் கடைக்கு நம் கீரைதான் போகிறது. ஒருநாள் அங்கே நின்று பார்த்தேன். ஒரு பெண் கட்டைப் பிரித்து, இலையை உள்ளங்கையில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு வாங்கிப்போனாள். அறுத்த கீரைதான், இனி தடவினால் ஒன்றும் ஆகாது. ஆனாலும் என் கைகள் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தன.

மாடியில் கவிழ்த்த கூடை அதே இடத்தில் இருக்கிறது. போன வாரம் ஸ்பாஞ்சு நைந்திருந்ததைப் பார்த்துப் புதிதாகக் கட்டியிருந்தார். நான் கேட்கவில்லை. முன்புபோல் அந்த ஒரு வார்த்தையில் கூப்பிட்டுவிட மாட்டாரா என்று உட்கார்ந்துகொண்டே ஏங்கினேன், கேட்டு வாங்கும் வார்த்தை இல்லை அது. அவர் அறுத்த கட்டுகளைக் கொண்டுவந்து தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் ஒன்றை எடுக்கக் கையை நீட்டினேன்.

"இருக்கட்டும் மேடம், நீங்க தொட வேண்டாம். நான் வெக்கிறேன்."

பேனாவை எடுத்துக்கொண்டேன். அவர் ஒவ்வொரு கட்டாக வைத்தார், நான் எண்ணைப் படித்து எழுதினேன்.